சுருட்டைப் பிடிக்க எந்த ஹோல்டர்? கோல்ஃப் கார்ட், பை, படகு: ஓர் ஒப்பீடு

டெக்சாஸ், நியூ ஜெர்சி பக்கம் வார இறுதியில் கோல்ஃப் ஆடும் நம் ஆட்கள் அடிக்கடி கேட்பது இது: "கார்ட்டில் மாட்டும் கிளிப் வாங்குவதா, காந்தம் வைத்ததா, தரையில் குத்துவதா?" (கார்ட் என்பது மைதானத்தில் ஆட்டக்காரர்கள் ஓட்டிப்போகும் சின்ன வண்டி.) கடையில் பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரித்தான் இருக்கும். எல்லாவற்றின் அட்டையிலும் "உறுதியான பிடி" என்று போட்டிருக்கும். அந்த உறுதிதான் பல சமயம் சுருட்டைக் கெடுக்கிறது. அதனால் வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புகைப்பது உடம்புக்கு நல்லதா என்ற பேச்சு இதில் இல்லை; அதற்கான பதில் புகைப்பவருக்கே தெரியும்.

## ஏன் ஒரு ஹோல்டர் தேவைப்படுகிறது

18 குழி ஆட ஏறக்குறைய நாலு மணி நேரம். ஒரு குழிக்குச் சராசரி 13 நிமிஷம். ஐந்து அங்குல ரொபுஸ்டோ சுருட்டு ஒன்று முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை எரியும். அதாவது ஒரு சுருட்டு முடிவதற்குள் நாலு குழி, சில நாள் ஐந்து குழி போய்விடும். குழிக்கு ஐந்து தடவை பந்தை அடிப்பதாக வைத்தால் இருபது தடவைக்கு மேல் அதைக் கீழே வைத்து எடுக்கிறீர்கள். என்னைப் போல ஆடுபவர்கள் இன்னும் ஐந்தாறு தடவை சேர்த்துக்கொள்ளலாம்.

புல்லில் வைக்கலாமே என்றால், கோல்ஃப் மைதானத்துப் புல் சாதாரணப் புல் இல்லை. களை வராமலிருக்க 2,4-டி போன்ற களைக்கொல்லி, பூஞ்சை வராமலிருக்கப் பூஞ்சைக்கொல்லி என்று வருஷம் முழுக்க ஏதாவது தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்க மைதானங்களில் பயன்படும் குளோரோதலோனில் என்ற பூஞ்சைக்கொல்லியின் அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் புதுப்பிக்க மறுத்துவிட்டது. போதாக்குறைக்கு வாத்து எச்சம், காலைப் பனியின் ஈரம். வாயில் வைக்கும் முனையை அதில் புரட்டி எடுத்து மறுபடியும் வாயில் வைப்பது சரியான காரியம் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் விஷயம், ஹோல்டருக்கு இரண்டு வேலை. ஒரு பக்கம் சுருட்டைப் பிடிக்க வேண்டும், இன்னொரு பக்கம் கார்ட்டையோ பையையோ கம்பியையோ பிடிக்க வேண்டும். சுருட்டுப் பக்கம் மென்மையாக இருக்க வேண்டும்; மாட்டும் பக்கம் இறுக்கமாக இருக்க வேண்டும். மலிவான சாமான்களில் இரண்டு பக்கமும் ஒரே ஸ்பிரிங், ஒரே வாய் (கவ்வும் பகுதி). வரும் சிக்கலில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது, தடிமன். சுருட்டின் தடிமனை ரிங் கேஜ் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு. 42 ரிங் கரோனா 16.7 மி.மீ., 47 ரிங் சர்ச்சில் 18.7 மி.மீ., 50 ரிங் ரொபுஸ்டோ 19.8 மி.மீ., இப்போது பலரும் விரும்பும் 60 ரிங் கோர்டோ 23.8 மி.மீ. ஸ்பிரிங்கை எவ்வளவு விரிக்கிறோமோ அவ்வளவு அதிகமாக அது திருப்பி அழுத்தும். மூடிய நிலையில் வாயின் இடைவெளி 10 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கரோனாவை வைத்தால் கிளிப் 6.7 மி.மீ. விரிகிறது; கோர்டோவை வைத்தால் 13.8 மி.மீ. விரிகிறது. விரிவு இரண்டு மடங்கு என்றால், அந்த விரிவால் கூடும் அழுத்தமும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நண்பர் ஒருவர் "எனக்கு நன்றாகத்தானே இருக்கிறது" என்று சிபாரிசு செய்த கிளிப் உங்கள் சுருட்டை நசுக்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அவர் பிடிப்பது ஒல்லிச் சுருட்டாக இருக்கும்.

மூன்றாவது, மேலிலை. சுருட்டைச் சுற்றியிருக்கும் கடைசி இலையைத்தான் சொல்கிறேன், ரேப்பர். கனெக்டிகட் ஷேட், கேமரூன் போன்றவை மெல்லிய இலை; கனெக்டிகட் பிராட்லீஃப் தடித்தது, முரட்டுத்தனத்தைத் தாங்கும். 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்த சுருட்டை வறண்ட வெயிலில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் மேலிலை மொறமொறப்பாகிவிடும். அதே இடத்தில் இருபது தடவை கிளிப்பின் பல் பட்டால் கீறல் விழும். கீறல் வழியாகக் காற்று புகுந்தால் இழுக்கும்போது புகை வராது, வெறும் காற்றுதான் வரும்.

நாலாவது, நெருப்பு முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. ஓடும் கார்ட்டில் முனை முன்பக்கம் பார்த்தால் காற்று அடித்து ஒரு பக்கமாகத் தின்றுகொண்டே போகும், சாம்பல் முகத்தில் பறக்கும். முனையைக் கீழ்நோக்கி வைத்தால் சூடும் புகையும் மேலேறி இலையைக் கருக்கும். படுக்கைவாட்டில், கொஞ்சம் மேல்நோக்கி, ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்து வைப்பதுதான் சரி. அந்தக் கோணத்தில் திருப்ப முடிகிறதா என்பதை வாங்கும்போதே பாருங்கள்.

ஐந்தாவது, ஹோல்டர் எதனால் செய்தது, எப்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும், தொலைந்தால் எவ்வளவு நஷ்டம். இவை ஒவ்வொரு வகையிலும் வரும்.

## ஹோல்டரே இல்லாமல்: பல்லும் கையும்

செலவே இல்லாத வழி. இதற்குப் பெரிய ஆட்களின் சாட்சியும் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கமான பிஜிஏ "வெள்ளையர் மட்டும்" என்ற விதியை 1961-இல் நீக்கிய காலத்தில் டூருக்குள், அதாவது அதன் போட்டித் தொடருக்குள், நுழைந்த முதல் கறுப்பின ஆட்டக்காரர் சார்லி சிஃபோர்ட். அவருடைய படங்களில் பாதியில் பல்லிடுக்கில் சுருட்டு இருக்கும். 1992-இல் யு.எஸ். சீனியர் ஓபனை வென்ற லாரி லாரெட்டியும் வாயில் சுருட்டோடுதான் ஆடினார். ஸ்பெயினின் மிகேல் ஆங்கெல் ஹிமெனெஸ் இன்னொருவர். 50 வயதில் 2014 ஸ்பானிஷ் ஓபனை வென்றவர், சுருட்டு இல்லாமல் அவரைப் பார்ப்பது அபூர்வம்.

நமக்கு இது எப்படி? ஸ்விங் எடுக்கும்போது புகை நேராகக் கண்ணுக்கு வரும். தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கும் நேரத்தில் சாம்பல் சட்டையில் விழும். பல்லால் கடித்துக்கொண்டே இருந்தால் தலைப்பகுதி எச்சிலில் ஊறி, அதை மூடியிருக்கும் தொப்பி இலை அவிழ்ந்து, இழுப்பு அடைத்துக்கொள்ளும். வாயோடு ஒட்டியே இருக்கும் நேரம் கூடுவதும் நல்லதில்லை. சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காதவர்களுக்கும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து உண்டு. மாதம் ஒரு தடவை ஆடி, சின்னச் சுருட்டு ஒன்றைப் பிடிப்பவருக்கு ஹோல்டர் வேண்டாம், இது போதும். மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

## இரண்டு பக்க ஸ்பிரிங் கிளிப்

அதிகம் விற்பது இதுதான். துணி கிளிப் மாதிரி இரண்டை முதுகோடு முதுகாக ஒட்டிவைத்த அமைப்பு. ஒரு வாய் கார்ட்டின் கூரைத் தண்டிலோ பையின் விளிம்பிலோ கடிக்கும், இன்னொரு வாய் சுருட்டைக் கடிக்கும். பத்துப் பதினைந்து டாலருக்குள் கிடைக்கும். ஒரு நல்ல சுருட்டின் விலைதான்.

நல்ல பக்கம்: எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம், ஒற்றைக் கையில் எடுத்து வைக்கலாம், மேடுபள்ளத்தில் கார்ட் குதித்தாலும் சுருட்டு விழாது. கார்ட்டில் மட்டுமே சுற்றுபவருக்கு இதைவிட லேசான வழி இல்லை.

சிக்கல் நான் முன்பு சொன்ன ஒரே ஸ்பிரிங் விஷயம். தண்டில் நிற்கும் அளவு வலுவான ஸ்பிரிங் சுருட்டுக்கு அதிகம்; சுருட்டுக்கு ஏற்ற ஸ்பிரிங் தண்டில் வழுக்கும். சுருட்டுப் பக்கத்துக்குத் தனியாக மெல்லிய ஸ்பிரிங்கும் வளைந்த வாயும் உள்ளதைத் தேடுங்கள். தட்டையான வாய் இரண்டு கோட்டில் மட்டும் தொடும், அழுத்தம் முழுவதும் அந்தக் கோடுகளில் விழும். பல் பல்லாக வெட்டிய வாய் இருந்தால் வாங்கவே வேண்டாம். வளைந்த வாயில் மெல்லிய சிலிகான் ஒட்டியிருந்தால் நல்லது. ஃபோம் ஒட்டியிருந்தால் நாளடைவில் தார் வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே இறுக்கமான கிளிப் வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு வழி இருக்கிறது: சுருட்டின் காகிதப் பட்டை மேல் கடிக்க வையுங்கள். அந்தப் பட்டை அழுத்தத்தைப் பரப்பிக்கொள்ளும், பல் இலையில் படாது. நெருப்பு பட்டைக்குப் பக்கத்தில் வரும்வரை இது வேலை செய்யும். பட்டை இல்லாத சுருட்டில் தலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடியுங்கள். தலைக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்தால் இழுப்பு அடைக்கும். நெருப்புக்குப் பக்கத்தில் பிடித்தால் சூட்டில் காய்ந்த இலை உடையும், பிளாஸ்டிக்கும் இளகும். சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மெத்தென்றாகிவிடும். டார்பிடோ மாதிரிக் கூம்புத் தலை உள்ள சுருட்டில் நேரான பகுதியில்தான் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. அதை அட்டையில் போட மாட்டார்கள். கார்ட்டில் மாட்டிய கிளிப் கார்ட் இருக்கும் இடத்தில்தான் உதவும். கிரீனுக்குள், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குள், கார்ட் போகாது. 72 அடியில் முடிக்க வேண்டிய (பார் 72) மைதானத்தில் கணக்குப்படி 36 அடிகள், கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் பட் அடிகள்தான். அந்த நேரமெல்லாம் சுருட்டு உங்கள் கையில், கார்ட் பாதையில். மழைக்கு மறுநாள் "கார்ட் பாதையை விட்டு இறங்கக்கூடாது" என்று பலகை வைத்துவிட்டால் ஃபேர்வேயிலும் (கிரீனுக்குப் போகும் வழியிலுள்ள புல்வெளியிலும்) இதே கதை. ஆகவே கிளிப் மட்டும் வாங்கி "பிரச்சினை தீர்ந்தது" என்று நினைப்பவர்கள் பாதி நேரம் பழையபடி புல்லில்தான் வைப்பார்கள்.

பையில் மாட்டினால் இந்தக் குறை இல்லை, பை கூடவே வரும். ஆனால் பை நைலான், பாலியஸ்டர். நைலான் 220 டிகிரி வாக்கில் உருகிவிடும், எரியும் புகையிலையின் முனை அதைவிட மிக அதிகச் சூடு. பையைச் சாய்த்து நிறுத்தும்போது கிளிப் திரும்பி முனை துணியில் பட்டால் ஓட்டைதான். பந்தை அடிக்கும் மட்டைகளின் தலைக்கு மாட்டிய உறைகளும் கணக்கில் வரும்.

## தரையில் நிற்பவை: முள் கம்பியும் டிவட் கருவியும்

இது இரண்டு வகை. ஒன்று, ஒரு சாண் நீளக் கம்பியின் நுனியில் சுருட்டுக்கு வளையமோ தொட்டிலோ இருக்கும். தரையில் குத்தி நிறுத்த வேண்டும். இன்னொன்று, கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யும் டிவட் கருவியிலேயே சுருட்டைச் சாய்த்துவைக்க ஒரு குழிவு வைத்திருப்பார்கள்.

இவற்றில் ஸ்பிரிங்கே கிடையாது. சுருட்டு தன் எடையில் படுத்திருக்கிறது. 42 ரிங்கோ 60 ரிங்கோ, அழுத்தம் பூஜ்யம். மெல்லிய மேலிலைக்கு இதைவிடப் பாதுகாப்பு இல்லை. கார்ட் கிளிப் கைவிடும் இடத்தில், அதாவது கிரீன் ஓரத்தில், இது உதவுகிறது. நடந்தே ஆடுபவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு என்பது என் கருத்து.

டிவட் கருவி எப்படியும் சட்டைப்பையில் இருக்கிற சாமான், தனியாகத் தூக்கத் தேவையில்லை. கம்பி வகை அப்படி இல்லை. கூர்முனையைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு கார்ட்டில் உட்கார்ந்தால் தெரியும். மூடி உள்ளதாக வாங்குங்கள்.

கெட்ட பக்கம், குனிய வேண்டும். இருபது தடவை என்று மேலே கணக்குப் போட்டோம். முதுகுவலிக்காரர்களுக்கு இது சரிப்படாது. அப்புறம், கிரீனின் மேல் எதையும் குத்தாதீர்கள், எரியும் முனையையும் வைக்காதீர்கள். ஓரத்துப் புல்லில் வையுங்கள். காய்ந்த கோடைக்காலத்தில் மைதானத்துக்காரர்கள் புகைக்கவே விட மாட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. தொலைவதிலும் இதுதான் முதலிடம்: புல்லோடு புல்லாக மறைந்துவிடும். பச்சை நிறத்தில் வாங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

## காந்தத் தொட்டில்

அடியில் நியோடிமியம் காந்தம், மேலே அரைவட்டத் தொட்டில். யோசனை அருமை: மாட்டும் பக்கம் பலம், சுருட்டுப் பக்கம் மென்மை. நான் முதலில் சொன்ன அளவுகோலுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆனால் அது ஒட்டுவதற்கு இரும்பு வேண்டுமே. கார்ட்டின் வெளிப்புறம் பெரும்பாலும் பிளாஸ்டிக். கிளப் கார் கம்பெனி கார்ட்டுகளின் சட்டமே அலுமினியம். ஈ-இஸட்-கோ, யமஹா சட்டங்கள் இரும்பு, ஆனால் அவையும் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். வாங்குவதற்கு முன் வீட்டு ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், நீங்கள் வழக்கமாக ஆடும் மைதானத்தின் கார்ட்டில் எங்கெல்லாம் ஒட்டுகிறது என்று பாருங்கள். மைதானத்துக்கு மைதானம் கார்ட் மாறும். ஒரே கிளப்பில் ஆடும் உறுப்பினருக்கு இது பொருந்தும். வாரம் ஒரு மைதானம் சுற்றுபவருக்குச் சூதாட்டம்.

தொட்டில் திறந்த வகையாக இருந்தால் வேகமாகத் திரும்பும்போது சுருட்டு உருண்டு விழும். ஒரு சிலிகான் பட்டை மேலே வந்து லேசாக அணைக்கும் வகை உண்டு, அதையே வாங்குங்கள். சிலிகான் 200 டிகிரி வரை தாங்கும், ஆனால் நேராக நெருப்பு பட்டால் தாங்காது. இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வலுவான காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோல்ஃப் ஆடுபவர்களின் வயதைப் பார்த்தால் இது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை.

## ஸ்க்ரூ போட்டு இறுக்கும் கிளாம்ப்

சைக்கிளில் ஃபோன் மாட்டும் ஸ்டாண்ட் போல, ஒரு திருகை முறுக்கிக் கம்பியில் இறுக்கும் வகை. மேலே கழுத்து வளையும், அதன் நுனியில் தொட்டில். மாட்ட நேரம் எடுக்கும், மாட்டிய பிறகு அசையாது. கோணத்தையும் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

இதன் சொந்த வீடு படகு. படகின் கைப்பிடிக் கம்பிகள் பெரும்பாலும் 22 அல்லது 25 மி.மீ. குழாய்கள். அலை அடிக்கும் இடத்தில் ஸ்பிரிங் கிளிப் வழுக்கும், காந்தம் துருப்பிடிக்காத எஃகில் பெரும்பாலும் ஒட்டாது, தரையில் குத்த வழியில்லை. திருகு ஒன்றுதான் நிற்கும். கடலில் பயன்படுத்துவதாக இருந்தால் 304 என்ற ரகத் துருப்பிடிக்காத எஃகு போதாது, உப்புத் துளி பட்டுப் புள்ளி புள்ளியாக அரிக்கும். மாலிப்டினம் கலந்த 316 கேளுங்கள். உடம்பு 316 என்று சொல்லிவிட்டு ஸ்பிரிங்கையும் திருகையும் சாதாரண இரும்பில் போட்டு முலாம் பூசி விற்பதும் உண்டு. ஒரு சீசனில் துரு காட்டிக்கொடுத்துவிடும்.

கைவேலை தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி. கேமரா ஸ்டாண்டுகளில் வரும் கால் அங்குல மரை உள்ள கிளாம்ப் ஒன்றை வாங்கி, அதன் மேல் உங்கள் சுருட்டின் அளவுக்கு ஒரு தொட்டிலை மரத்தில் குடைந்து வைத்துக்கொள்ளலாம். மரம் சூட்டைக் கடத்தாது, இலையையும் உரசாது. அலுமினியம் அப்படியில்லை. அது துருப்பிடிக்காத எஃகைவிடப் பத்து மடங்கு வாக்கில் வேகமாகச் சூட்டைக் கடத்தும், அதனால் நெருப்புக்குப் பக்கத்தில் பிடித்தால் தொட்ட பக்கம் ஆறிப்போய் எரிதல் கோணலாகும்.

கோல்ஃபுக்கு இது அதிகப்படி. கார்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கழற்ற மறந்து போனவர்கள் உண்டு.

## கப் ஹோல்டரில் உட்காரும் ஆஷ்ட்ரே

கார்ட்டில் பானம் வைக்கும் குழியில் இறங்கும் சிறிய ஆஷ்ட்ரே, விளிம்பில் சுருட்டு படுக்க ஒரு வெட்டு. அழுத்தம் கிடையாது, சாம்பலும் உள்ளேயே விழும். மற்ற வகைகளில் சாம்பல் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. வாடகைக் கார்ட்டின் வினைல் இருக்கையில் போகிறது, அதற்கான பணம் உங்கள் பில்லில் வருகிறது. சமதளமான மைதானத்தில் இது போதுமானது. மேடுபள்ளத்தில் சுருட்டு துள்ளி வெளியே வரும். தண்ணீர் பாட்டிலுக்கு இடம் போய்விடும் என்பதையும் டெக்சாஸ் வெயிலில் யோசிக்க வேண்டும்.

வாயில் வைக்கும் ஹோல்டரையும் சிலர் கேட்கிறார்கள்: மீர்ஷாம் கல்லிலோ அம்பரிலோ செய்து, சுருட்டின் தலையைச் சொருகிப் பிடிக்கும் பழைய வகை. மீர்ஷாம் துருக்கியின் எஸ்கிஷெஹிர் பக்கம் தோண்டி எடுக்கும் மென்மையான கல். பார்க்க அழகு. ஆனால் அது சுருட்டைக் கீழே வைக்க உதவும் சாமான் இல்லை, வாய்க்கும் இலைக்கும் நடுவே நிற்கும் சாமான். ஒரு தடிமனுக்குத்தான் பொருந்தும். இந்தப் போட்டியில் அதைச் சேர்க்கவில்லை.

## ஒரே பார்வையில்

| வகை | சுருட்டில் அழுத்தம் | தடிச் சுருட்டு (60 ரிங்) | கிரீன் ஓரத்தில் | கார்ட் ஓடும்போது | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|---|
| பல், கை | கடிக்கும் அளவு | சிரமம் | உண்டு | உண்டு | புகை கண்ணில், தலைப்பகுதி ஊறும் |
| ஸ்பிரிங் கிளிப் | அதிகம் | நசுங்கும் | பையில் மாட்டினால் மட்டும் | நன்று | பைத் துணி, ஒரே ஸ்பிரிங் |
| டிவட் கருவி, முள் கம்பி | இல்லை | நன்று | மிக நன்று | உதவாது | குனிதல், தொலைதல் |
| காந்தத் தொட்டில் | மிகக் குறைவு | பட்டை எட்டினால் சரி | இல்லை | இரும்பு இருந்தால் நன்று | கார்ட் எந்தக் கம்பெனி |
| ஸ்க்ரூ கிளாம்ப் | மிகக் குறைவு | நன்று | இல்லை | மிக நன்று | மாட்டும் நேரம், துரு |
| கப் ஆஷ்ட்ரே | இல்லை | வெட்டின் அகலம் பார்க்கவும் | இல்லை | சமதளத்தில் சரி | பானத்துக்கு இடமில்லை |

## யாருக்கு எது

நடந்து ஆடுபவர், பையைத் தோளிலோ தள்ளுவண்டியிலோ கொண்டுபோகிறவர்: சுருட்டுக் குழிவு உள்ள டிவட் கருவி. வேறு எதையும் வாங்க வேண்டாம்.

கார்ட்டில் ஆடுபவர்: ஒன்று போதாது. தனி ஸ்பிரிங் உள்ள கிளிப் ஒன்றும் டிவட் கருவி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு நல்ல காந்தத் தொட்டிலின் விலை அளவுக்குத்தான் வரும். ஒரே கிளப்பில், இரும்பு தெரியும் கார்ட்டில்தான் எப்போதும் ஆடுகிறீர்கள் என்றால் கிளிப்புக்குப் பதில் காந்தம்.

60 ரிங் சுருட்டு பிடிப்பவர், அல்லது மெல்லிய கனெக்டிகட் ஷேட், கேமரூன் இலை விரும்புபவர்: ஸ்பிரிங் பக்கமே போகாதீர்கள். தொட்டில் வகைகளில் ஒன்று.

படகு வைத்திருப்பவர், மீன்பிடிக்கப் போகிறவர்: ஸ்க்ரூ கிளாம்ப், 316 எஃகு.

குனிய முடியாதவர், சமதள மைதானம்: கப் ஆஷ்ட்ரே. கிரீனுக்குப் போகும்போது கார்ட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். சில நிமிஷம் இழுக்காமல் விட்டால் சுருட்டு அணைந்துபோகும், அவ்வளவுதான். திரும்பி வந்து சாம்பலைத் தட்டிவிட்டு மறுபடியும் பற்றவைத்துக்கொள்ளலாம்.

## எங்கே மாட்டக்கூடாது

எந்த வகை வாங்கினாலும் இது பொருந்தும். மின்சாரக் கார்ட்டுகள் பலவற்றில் இருக்கைக்கு அடியில் லெட்-ஆசிட் பேட்டரிகள் இருக்கும். அவை சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றக்கூடியது. ஆகவே சார்ஜ் போட்டு நிறுத்தியிருக்கும் கொட்டகைக்குள் எரியும் சுருட்டோடு போகக்கூடாது, இருக்கையின் அடிவிளிம்பில் ஹோல்டரை மாட்டவும் கூடாது. பெட்ரோல் கார்ட்டில் டாங்க் மூடி எந்தப் பக்கம் என்று பார்த்து எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். படகில் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் அடித்தட்டில் தேங்கி நிற்கும். எண்ணெய் நிரப்பும் நேரத்தில் சுருட்டை ஹோல்டரில் விட்டுவைப்பதுகூட ஆபத்து, முழுவதும் அணைத்துவிட வேண்டும்.

## திருச்சிச் சுருட்டு பிடிப்பவருக்கு

ஊரிலிருந்து வரும்போது உறையூர்ச் சுருட்டோ யாழ்ப்பாணச் சுருட்டோ கொண்டுவந்து, "இதற்கு எந்த ஹோல்டர்?" என்று கேட்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் கிளிப்புகள் பெரும்பாலும் 50 ரிங்கை மனதில் வைத்துச் செய்தவை. ஒல்லியான நம் சுருட்டு அவற்றில் ஆடும், சிலவற்றில் நழுவியே விழும். இரண்டு முனையும் நேராக வெட்டிய செரூட் என்றால் கூம்புத் தலை என்ற தொந்தரவு இல்லை, எந்த இடத்திலும் பிடிக்கலாம். V வடிவ வெட்டு உள்ள டிவட் கருவி எந்த ஒல்லிச் சுருட்டையும் ஏற்கும், அதையே வாங்குங்கள். கிளிப்தான் கையில் இருக்கிறது என்றால் சுருட்டின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் கடிக்க வையுங்கள். நெருப்பு நெருங்குவதற்கு முன் உருவி எடுத்துவிடுங்கள்.